தங்கச்சிக்கு இரத்தம் தந்த மூன்று பேருக்கு

குழந்தை பிறந்த கையோடு தங்கச்சிக்கு இரத்தப்போக்கு நிற்கவேயில்லை. அவள் ஓ நெகட்டிவ், அவளுக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஒத்துவரும். இரவு ஏழு மணிக்கு இரத்தம் கேட்டு இந்தப் பக்கத்தில்தான் பதறிப்போய் நாலு வரி எழுதினேன். ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி, களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு டீச்சர், காத்தான்குடியிலிருந்து நோன்பு திறந்து சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்), மூன்று பேரையும் எனக்கு முன்பின் தெரியாது. தேத்தண்ணி வாங்கிக்கொண்டு போனால், "அத விடுங்க தம்பி, முதல்ல தங்கச்சியப் போய்ப் பாருங்க" என்று நானா திருப்பி அனுப்பிவிட்டார். இலங்கையில் ஒருமுறை இரத்தம் கொடுத்தால் அடுத்த 4 மாதத்துக்குக் கொடுக்க முடியாது, அவர்கள் வீட்டிலும் யாருக்கும் தேவைப்படலாம்தானே, அப்படியிருந்தும் வந்தார்கள். இன்று காலை தங்கச்சி எழுந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அம்மா மூன்று பேருக்காகவும் மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறார்.