எல்சிபியிலிருந்து லென்ஸ்ஃபன்னுக்கு: மூன்று இரவுக் கணக்கு

ரா படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான டார்க்டேபிளுக்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. லென்ஸ்களின் குறைகளைச் சரிசெய்யும் எண்களை அது லென்ஸ்ஃபன் என்ற திறந்த பட்டியலிலிருந்து எடுக்கும். என் பழைய 18-55 ஜூமுக்கு மட்டும் லென்ஸ்ஃபன் பட்டியலில் வளைவுத் திருத்தம் இல்லை. 18 மி.மீ.யில் எடுத்தால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வில்லாக வளையும். அந்த லென்ஸுக்கான அடோபி எல்சிபி கோப்பு (அதே மாதிரித் திருத்த எண்கள் உள்ள லென்ஸ் புரொஃபைல்) கையில் இருந்தது. ராதெரபி என்ற இன்னொரு ரா மென்பொருள் அதை நேரடியாகவே படிக்கும், டார்க்டேபிள் படிக்காது. சரி, எண்களை மாற்றி எழுதினால் போயிற்று என்று உட்கார்ந்தேன்.

இரண்டுமே எக்ஸ்எம்எல்தான், சாதாரண எடிட்டரில் திறக்கும். எல்சிபியில் வளைவுக்கு மூன்று எண்கள் (கே1, கே2, கே3 என்று வைத்துக்கொள்வோம்), லென்ஸ்ஃபன்னின் பாலி5 மாடலில் கே1, கே2 என்று இரண்டு. சூத்திரமும் ஒரே சாடை: மையத்திலிருந்து உள்ள தூரத்தின் இருபடி, நாற்படி. அதை நம்பி, கிட்டத்தட்ட -0.1 என்றிருந்த கே1-ஐ அப்படியே ஒட்டினேன். வெளியே உப்பியிருந்த சுவர் உள்ளே குழிந்துபோனது. படத்தின் நான்கு மூலைகளும் கொம்பு முளைத்த மாதிரி இழுத்துக்கொண்டு நின்றன.

எதை 1 என்று வைத்து அளக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. லென்ஸ்ஃபன்னுக்குப் படத்தின் குட்டைப் பக்கத்தில் பாதி 1. அடோபிக்கு ஃபோக்கல் லெங்த்தே (குவியத் தூரம், இங்கே 18 மி.மீ.) 1. என் சென்சாரின் அகலம் 23.5 மி.மீ., 3:2 படத்தில் பாதி உயரம் 7.83. அதை 18-ஆல் வகுத்தால் 0.435. கே1-ஐ இதன் இருபடியால் (0.189) பெருக்க வேண்டும், கே2-ஐ நாற்படியால் (0.036). ஆக -0.1 என்பது -0.019 ஆகிறது. நான் ஐந்து மடங்குக்கு மேல் திருத்தியிருக்கிறேன்! இன்னொன்று, லென்ஸில் பொறித்த 18-ஐ நம்பாமல் எல்சிபியே தரும் ஃபோக்கல் லெங்த்தை எடுப்பது நல்லது. அது படத்தின் நீளப் பக்கத்தின் பின்னமாக இருக்கும், மி.மீ.யில் அல்ல.

மிச்சம் எல்சிபியின் கே3. அது தூரத்தின் ஆறாம் படிக்கு உரியது, அதன் பெருக்கி (0.435-இன் ஆறாம் படி) 0.0068தானே என்று விட்டுவிட்டேன். சுவரின் நடுப்பகுதி நேராகிவிட்டது, ஓரத்துச் செங்கல் வரிசை மட்டும் லேசாக மேலே ஏறியது. குட்டைப் பக்கத்துப் பாதி 1 என்றால் மூலை 1.8. அதன் ஆறாம் படி 34. பெருக்கிப் பார்த்தால் 0.23, விட்டுவிடுகிற சங்கதியா அது? அப்புறம் பைத்தானில், 0 முதல் 1.8 வரை நூறு புள்ளிகளுக்கு அடோபி வளைவைக் கணக்கிட்டு, அதற்குப் பொருந்தும் கே1, கே2-ஐ லீஸ்ட் ஸ்கொயர்ஸில் (வித்தியாசங்களின் இருபடிக் கூட்டலைக் குறைந்தபட்சமாக்கும் முறை) தேடினேன். செங்கல் வரிசை படுத்துவிட்டது.

எல்சிபியில் ஒரே ஃபோக்கல் லெங்த்துக்குப் பல ஃபோகஸ் தூரங்கள் உண்டு. லென்ஸ்ஃபன் வளைவுக்குத் தூரத்தைப் பார்ப்பதில்லை, அதனால் மிகத் தொலைவான பதிவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இது என் கணினிக்கு மட்டும். லென்ஸ்ஃபன் பட்டியல் பகிர்வு உரிமத்தில் உள்ளது, அடுத்தவர் அளந்த எண்களை அதில் போடக் கூடாது. அங்கே அனுப்புவதற்கு அதே சுவரை நானே படமெடுத்து அளக்கப் போகிறேன். மழை விடட்டும்.