கொட்டாஞ்சேனைப் பாடசாலை முற்றத்தில் ஒரு கூட்டெருப் பீப்பாய்

என் மகள் படிக்கும் ஆரம்பப் பாடசாலையில் முற்றம் என்று இருப்பது ஒரு கொட்டங்காய் மரமும் அதன் அடியில் கொஞ்ச மண்ணும்தான். மிச்சமெல்லாம் சீமெந்து. பிள்ளைகளில் அநேகர் தொடர்மாடி வீடுகளில் இருந்து வருகிறவர்கள். ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ பாடத்தில் மரம், மழை, குப்பை எல்லாம் படிக்கிறார்கள், ஆனால் மண்ணில் கை வைக்க இடமில்லை. கையால் செய்ய ஏதாவது வேண்டும் என்று தரம் 4 டீச்சர் கேட்டபோது, வீட்டு பல்கனியில் கூட்டெரு போடுகிற பழக்கம் எனக்கு இருந்ததால் நான் முன்வந்தேன். இரண்டு தவணைகளில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

குப்பையில் இருந்து தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகள் மேல் சரிந்து 30க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொழும்புக் குப்பையைப் புத்தளம் மாவட்டத்து அருவக்காடு வரை கொண்டுபோகும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்குள்ள மக்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் தோல், தண்டு, சோறு என்று அழுகக்கூடியவைதான். அதை இன்னொருவர் ஊருக்கு அனுப்பாமல் இருந்த இடத்திலேயே மண்ணாக்க முடியும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

பழைய நீலப் பிளாஸ்ரிக் பீப்பாய் ஒன்று கிடைத்தது. சுற்றிவரத் துளை போட்டு, அடியில் பொச்சுமட்டைத் துண்டுகளைப் பரப்பி, இரண்டு செங்கல்லின் மேல் வைத்தோம். உள்ளே போடுவதற்குக் கணக்கு எளிது: ஒரு வாளி பச்சைக் கழிவு என்றால் இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை. பச்சைக் கழிவில் நைதரசன் கூட, காய்ந்த இலையில் காபன் கூட. இலை குறைந்தால் காற்று போகாமல் நாறும், கூடினால் கிடந்தபடியே கிடக்கும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழிய வேண்டும். கை நனைய வேண்டும், தண்ணீர் ஓடக்கூடாது. இந்தப் பிழிகிற வேலைக்குப் பிள்ளைகளிடையே பெரிய போட்டி. கடைசியில் டீச்சர் பெயர்ப்பட்டியல் போட்டு முறை வைத்தார்.

எதைப் போடுவது என்பதில்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது. சமைத்த சோறு, கறி, மீன் முள் எதுவும் பீப்பாய்க்குள் போகாது என்று முதலிலேயே முடிவெடுத்தோம். இது கொழும்பு. எலியும் காகமும் அழைக்காமலே வரும். பழத்தோல், முட்டைக்கோது, ஆசிரியர் அறையில் மிஞ்சும் தேயிலைச் சக்கை, கிழித்த கொப்பித்தாள், இவ்வளவுதான். அப்படியென்றால் மிஞ்சிய சோற்றை என்ன செய்வது? சாப்பாட்டுப் பெட்டியிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டீச்சர் சொன்னார். எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது இந்தச் சின்ன விதிதான் என்பது என் எண்ணம். முன்பு பிள்ளை சாப்பிடாதது பாடசாலைத் தொட்டிக்குள் போய்விடும், அம்மாவுக்குத் தெரியாது. இப்போது பெட்டியைத் திறந்தால் தெரிகிறது. “எனக்கு இவ்வளவு சோறு வேண்டாம், அம்மா” என்று பிள்ளை சொல்லவும் வழி பிறந்தது. சில மாதங்களில் மிச்சம் நன்றாகக் குறைந்துவிட்டது. லஞ்ச் ஷீட்டில் சுற்றிக் கொடுத்த சிலரும் பெட்டிக்கு மாறினார்கள்.

பீப்பாய் சூடாகிற நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா. நடுவில் ஒரு இரும்புக் கம்பியைக் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்துத் தொட்டுப் பார்ப்போம். “மிஸ், சுடுது! உள்ளே யார் நெருப்பு வச்சது?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. கண்ணுக்குத் தெரியாத பக்ரீரியாக்கள் சாப்பிடும்போது வருகிற சூடு அது என்று சொன்னதும் அவள் கம்பியை விடவே இல்லை. பெரிய குவியல்களில் 55, 60 பாகை வரை ஏறும். நம்முடைய பீப்பாயில் அவ்வளவு வராது, ஆனால் கைக்கு நன்றாகத் தெரிகிற சூடு.

பச்சைக் கழிவு போதாமல் இருந்தபோது பக்கத்துக் கோயில் ஐயர் உதவினார். பூசை முடிந்த மாலைகளைப் பை பையாகத் தந்தார். சில மாலைகள் நைலோன் நூலில் கட்டியவை, சிலவற்றில் சரிகை வேறு. தரம் 3 பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பூவைத் தனியாக, நூலைத் தனியாக உருவுவார்கள். இதைப் பார்த்த ஐயர், வாழைநாரில் கட்டித் தரும்படி பூக்காரரிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறார். எதிர்த் தொடர்மாடி ஆன்ட்டி ஒருவர் கூட்டிய இலையை உரப்பையில் கட்டித் தருகிறார்.

ஒரு தவணை முடியும்போது முதல் எரு தயாரானது. அரித்தெடுத்துத் தும்புத்தூளும் மண்ணும் கலந்து பழைய உரப்பைகளில் நிரப்பினோம். பொன்னாங்காணித் தண்டுகளைக் குத்தினால் போதும், தானே பிடித்துக்கொள்ளும். கங்குன் விதை ஒரு மாதத்துக்குள் வெட்டுகிற அளவுக்கு வளர்ந்தது. வெண்டிதான் இழுத்தடித்தது, மரநிழல் அதற்குச் சரிவரவில்லை. முதல் கங்குனை டீச்சர் சுண்டிக் கொண்டுவந்தார். வீட்டில் கீரையைத் தொடாதவன் இரண்டு கரண்டி கேட்டு வாங்கினான்.

செடி வந்தால் நுளம்பும் கூட வரும் என்பது கொழும்பில் எல்லோருக்கும் இருக்கிற பயம், நியாயமான பயம். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் டெங்கு சோதனை: செடிப் பைகளின் அடித்தட்டுகளில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்கக் கிட்டத்தட்ட ஏழு முதல் பத்து நாள் ஆகும், ஆகவே கிழமைக்கு ஒரு தடவை பார்த்தால் இடையில் பிடித்துவிடலாம். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, தட்டின் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே தும்பால் தேய்த்துக் கழுவுகிறோம். இதைப் பிள்ளைகள் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். பிறிஜ்ஜுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டைத் தன் மகன் இழுத்துக் காட்டும்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார் ஒரு அப்பா. ஒரு தொடர்மாடியில் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து மொட்டைமாடியில் சிரமதானம் செய்து, தண்ணீர்த் தாங்கி மூடிகளையும் பீலிகளையும் துப்புரவாக்கினார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது என்று தரம் 5 பிள்ளைகளை இதில் சேர்க்கவில்லை. பெற்றோரின் கவலை புரிகிறது. ஆனாலும் காலை முதல் இரவு வரை கொப்பியும் வகுப்புமாக இருக்கிற அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பத்து நிமிடம் மண் கிளறுவது அதிகம் தேவை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கட்டாயம் கேட்கப் போகிறேன்.

அடுத்த வேலை, காய்ந்த இலை சேமிப்பது. ஒக்டோபர் மழை தொடங்கினால் நனையாத இலை கிடைக்காது. இப்போதே உரப்பைகளில் கட்டிப் படிக்கட்டின் கீழே அடுக்கத் தொடங்கிவிட்டோம். இரண்டாவது பீப்பாய்க்கு அதிபர் சம்மதித்திருக்கிறார், இடம் மட்டும் இன்னும் பார்க்க வேண்டும்.