3600-ஆ, சிஎல்16-ஆ: கிருஷ்ணகிரி வெயிலில் ஒரு ரேம் சோதனை

என் கணினியில் ரைசன் 5 5600ஜி பிராசஸர். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ரேம் என்று இருந்தது 8 ஜிபி ஸ்டிக் ஒன்றே ஒன்று, வேகம் 2400, சிஎல் (கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் சுழற்சிகள்) 17. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் காட்சியைத் திருப்பினாலே திக்கித் திக்கி நகரும்.

கணினி பாகங்கள் விற்கும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு பஸ் ஏறும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டேன். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் வந்துவிடும். பழைய ஸ்டிக்குக்கு 14.2. 3200 சிஎல்16-க்கு 10. 3600 சிஎல்18-க்கும் அதே 10! சிஎல் எண்ணை மட்டும் பார்த்து 18 மெதுவானது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தாமதம் சமம் என்றால் நொடிக்கு அதிகத் தரவு தருவதைத்தானே எடுக்க வேண்டும்? பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கும் இதே ரேம்தான் தீனி. இரண்டு சேனலில், அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே இரண்டு பாதையில், 3200 நொடிக்கு 51.2 ஜிபி தரும், 3600 தருவது 57.6. தனி கார்டு இருந்திருந்தால் விலை குறைந்ததையே வாங்கியிருப்பேன்.

3600 சிஎல்18, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. மாட்டியதும் பயாஸ் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) 2400 என்றே காட்டியது. ஏமாந்துவிட்டோமோ என்று வயிற்றைக் கலக்கியது. எக்ஸ்எம்பி, அதாவது ரேமிலேயே பதிந்திருக்கும் வேக அமைப்பைப் போட்டதும் 3600 வந்துவிட்டது, 1.35 வோல்ட். ஆனாலும் பிளெண்டரில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பார்த்தால், இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருக்கிறேன், ஒரே சேனல்! இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றிய பிறகுதான் காட்சி வழுக்கிக்கொண்டு திரும்பியது. செலவழித்த காசு கண்ணில் தெரிந்தது அப்போதுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்குமா? சிஎல் 17 என்று போட்டேன். கணினி ஏறியது, ஆனால் 18 என்றே காட்டியது. கியர் டவுன் மோட் (ரேம் நிலையாக ஓட உதவும் ஒரு பயாஸ் அமைப்பு) ஓடும்போது ஒற்றைப்படை எண் நிற்காதாம், அடுத்த இரட்டைப்படைக்கு ஏறிவிடும். சரி, 16. கணக்குப்படி 8.9 நானோ நொடி. விண்டோஸ் சமர்த்தாக ஏறியது. ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 ஓடவிட்டேன், பாதியில் கரண்ட் போய்விட்டது. அன்று மாதாந்திர ஷட் டவுன் என்பதையே மறந்திருந்தேன்.

"இன்னும் அந்தப் பொட்டியக் கழட்டிட்டுதான் இருக்கியாடா?" என்றார் அம்மா.

மறுநாள் மதியம் மறுபடி ஓட்டினேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாத வெயில். இரண்டாவது சுற்றிலேயே சிவப்பு வரிகள். வோல்ட்டை ஏற்றிப் பார்க்கலாம்தான், இந்தச் சூட்டில் எனக்குத் துணிவில்லை. அந்த ஒரு நானோ நொடிக்காகச் சேமித்த கோப்பு கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? சிஎல்18-க்கே திரும்பினேன். ராத்திரி முழுக்க நான்கு சுற்று, பிழை பூஜ்யம்.

பழைய 2400 ஸ்டிக் காவேரிப்பட்டினத்தில் மாமா வீட்டு டெஸ்க்டாப்புக்குப் போகிறது. அங்கேயும் ஒற்றை ஸ்டிக்தான் ஓடுகிறது, அதே 8 ஜிபி. ஞாயிற்றுக்கிழமை போய் நானே மாட்டிவிட்டு வர வேண்டும், இந்த முறை ஸ்லாட் பார்த்து.