மாட்டை விற்றது எப்போது?

மாட்டை விற்கும் நிலை வரக்கூடாது என்று வறட்சி முற்றுவதற்கு முன்பே மாடு வளர்ப்பவர்களுக்கு உதவி கொடுத்தார்களே, அதனால் பலன் இருந்ததா என்று பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கிடைச்சுதா, திருப்தியா?" வீண் கேள்வி. கொடுத்தவரே எதிரில் நோட்டோடு நின்றால் யார் இல்லை என்பார்கள்? அடுத்த பட்டியலில் பெயர் வேண்டாமா? கேட்க வேண்டியது தேதியை. வைக்கோலோ பணமோ வந்தது எப்போது, மாட்டை வேலூர் பக்கத்துப் பொய்கைச் சந்தைக்கு ஓட்டியது எப்போது? விற்ற பிறகு வந்திருந்தால் அதற்கு முன்கூட்டிய உதவி என்று பெயரே கிடையாது.

மாதத்தைச் சொல்லிக் கேட்டால் குழம்பும். குடியாத்தம் பக்கம் என்றால் மாசியில் வரும் மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு முன்னாடியா பின்னாடியா, வைகாசியில் வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எத்தனை வாரம் இருந்தது என்று கேளுங்கள். பொய்கைச் சந்தை செவ்வாய்க்கிழமை. வாரம் பிடிபட்டால் தேதியே கிடைத்துவிடும்.

விலையில் சராசரி எடுக்காதீர்கள். இரண்டாம் ஈத்துக் கறவையையும் பல் தேய்ந்த கிழட்டு மாட்டையும் ஒன்றாகக் கூட்டினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எத்தனையாவது ஈத்து, எத்தனை லிட்டர், சினையா இல்லையா என்று குறித்துக்கொண்டு, உதவி போகாத பக்கத்து ஊரில் அதே தரத்து மாடு என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலை வேடிக்கை பார்ப்பவருக்குத் தெரியாது. விற்றவரைத்தான் கேட்கவேண்டும், அதுவும் சூடு ஆறுவதற்குள்.

பெரும்பாலும் இடறுவது அளவில்தான். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 6 கிலோ வைக்கோல் என்றால் 60 நாளுக்கு 360 கிலோ. 100 கிலோ கொடுத்தால் பதினாறு நாள் ஓடும். அதற்குப் பிறகு மாடு சந்தைக்குப் போனால், திட்டம் பலிக்கவில்லை என்று அறிக்கை எழுதுவார்கள். பலிக்காதது திட்டமா, தராசா? வைக்கோல் வயிற்றைத்தான் நிரப்பும். பால் இறங்காமல் இருக்கத் தவிடும் புண்ணாக்கும் வேண்டும். பால் காசு நின்றால் வட்டிக்கு வாங்குவார்கள். ஆகவே கடனையும் கேளுங்கள்.

பூட்டிய வீடுகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பம்தான் அதிகம் அடிபட்டதாக இருக்கலாம். ஊரில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு அழகாகத்தான் வரும்.

வறட்சி வராமல் கார்த்திகையில் மழை கொட்டி ஏரி நிரம்பிக் கோடி போய்விட்டால், கொடுத்ததெல்லாம் வீண் என்பார்கள். அந்த ஊர்களையும் கணக்கில் வையுங்கள். வைக்கோல் போரில் எவ்வளவு மிச்சம், அடகில் வைத்த நகை வீடு திரும்பியதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.