மோட்டார் பேசணும், ஆனா 4 எம்பிக்குள்ள

சித்தப்பா தோட்டத்து பம்ப் ரூமுக்கு ஒரு பேசுற பொட்டி பண்ணிட்டு இருக்கேன். மூணு பேஸும் வந்துருச்சா, தொட்டி நிறைஞ்சிருச்சா, எத்தன நிமிஷமா ஓடுதுன்னு ராத்திரி இருட்டுல ஸ்டார்ட்டர் கிட்ட போகாம திண்ணையில இருந்தே கேட்டுக்கணும். கரண்ட் போனாலும் சொல்லணும், அதனால பேட்டரிதான்.

சித்தி குரல்ல பதிவு பண்ணுனதெல்லாம் சேத்தா 6 நிமிஷம் வந்துச்சு. 16 கிலோஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 16,000 தடவை சத்தத்த அளக்குறது, ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள்), சாம்பிளுக்கு 16 பிட், மோனோ, அப்படியே வச்சா செகண்டுக்கு 32,000 பைட், மொத்தம் 11.5 எம்பி. போர்டுல ஏற்கனவே சால்டர் ஆகி இருக்குற பிளாஷ் (குரல் பைல வைக்கிற மெமரி) 4 எம்பிதான், பக்கத்து தோட்டத்துக்காரங்களுக்கும் இதே போர்டுலதான் பண்ணித்தரணும், அதனால பெருசா மாத்துற யோசனைய விட்டுட்டேன்.

அப்போ சுருக்கித்தான் வைக்கணும், அதுக்கு முதல்ல எல்லாரும் சொல்றது எம்பி3. பேட்டன்ட் லைசன்ஸ் தொல்லை 2017லயே முடிஞ்சுது, சரிதான், ஆனா என்கிட்ட இருக்குற எஸ்டிஎம்32எஃப்103 சிப்புல ராமே 20 கேபி, டிகோடருக்கே (சுருக்கினத விரிக்கிற கோடு) பத்தாது. ஸ்பீக்ஸ்னு பேச்சுக்குன்னே ஒரு கோடெக் (சுருக்கி விரிக்கிற முறை) இருக்கு, ஃபிக்ஸட் பாயின்ட்ல, அதாவது முழு எண் கணக்குலயே ஓடும், பைலும் ரொம்ப சின்னதாகும், ஆனா பெருக்கல் கணக்கு ஜாஸ்தி, கிளாக்க ஏத்தணும், கோடும் சிப்புக்குள்ளயே இருக்குற 64 கேபி பிளாஷ்ல பெரிய இடத்த புடிக்கும். டிஎஸ்பி இன்ஸ்ட்ரக்ஷன் (இந்த மாதிரி கணக்க வேகமா போடுற கட்டளை) இருக்குற கார்டெக்ஸ்-எம்4 மாதிரி சிப்னா ஓபஸ்ங்கிற கோடெக் பக்கம் போயிருப்பேன்.

மிச்சம் ரெண்டுதான், மியூ-லா இல்லேன்னா ஐஎம்ஏ ஏடிபிசிஎம். இங்கதான் ஒரு நல்ல கணக்கு இருக்கு. மியூ-லா ஒவ்வொரு சாம்பிளையும் தனியா 8 பிட்டுக்கு சுருக்கும், ஏடிபிசிஎம் முந்தின சாம்பிள்ல இருந்து எவ்ளோ மாறுச்சுன்னு மட்டும் 4 பிட்ல எழுதும். அதாவது 8 கிலோஹெர்ட்ஸ் மியூ-லாவும் 16 கிலோஹெர்ட்ஸ் ஏடிபிசிஎம்மும் ஒரே சைஸ், ரெண்டுமே செகண்டுக்கு 8,000 பைட், 6 நிமிஷத்துக்கு 2.88 எம்பி. ரெண்டையும் சித்தப்பாவ கேக்க வச்சேன். 8 கிலோஹெர்ட்ஸ்ல 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணும் கிடைக்காது, ல ள ழ எல்லாம் அதுக்கு கீழயே பிரிஞ்சு கேட்டுருது, அடி வாங்குறது ச, ஸ தான், "பேஸ்"ங்கிற வார்த்தையில கடைசி ஸ் அமுங்கிப் போச்சு, எனக்கு அந்த வார்த்தைதான் முக்கியம். ஏடிபிசிஎம்ல லேசா ஒரு இரைச்சல் இருந்தாலும் சொல் தெளிவா கேட்டுச்சு, அதையே எடுத்துட்டேன்.

டிகோடர் எவ்ளோ சின்னதுன்னு பாத்தா ஆசையா இருக்கு. 89 எண் உள்ள ஸ்டெப் டேபிள் (ஒரு தடவைக்கு எவ்ளோ தாவுறதுங்கிற அளவுகள்), 178 பைட், 7ல ஆரம்பிச்சு 32767ல முடியும். பெருக்கலே வேண்டாம், ஷிப்ட் பண்ணி கூட்டுறதும் கழிக்கிறதும்தான். நினைவுல வச்சுக்க வேண்டியது முந்தின சாம்பிளும் டேபிள்ல எந்த இடம்ங்கிறதும் மட்டும். பிளாஷ்ல இருந்து 256 பைட் எடுத்தா கிட்டத்தட்ட 512 சாம்பிள், 32 மில்லிசெகண்டுக்கு ஆச்சு, டிகோட் பண்ணி பஃபர்ல போட்டுட்டு அடுத்தது வர்ற வரைக்கும் சிபியு தூங்கலாம், 8 மெகாஹெர்ட்ஸ்லயே ஓடுது.

ஒரு இடத்துல ரெண்டு ராத்திரி போச்சு. வந்ததெல்லாம் கரகரன்னு சத்தம், நடுவுல குரல் மாதிரி ஏதோ. ஒரு பைட்ல ரெண்டு சாம்பிள் இருக்கும்ல, வேவ் பைல்ல கீழ் 4 பிட்தான் முதல்ல, நான் மேல இருந்து எடுத்துட்டு இருந்தேன். இந்த கோடெக் முந்தின சாம்பிள நம்பித்தான் அடுத்தத சொல்லும், அதனால ஒரு தப்பு அங்கேயே நிக்காது, பின்னாடி வர்றதையும் கெடுத்துரும். பைல் பிளாக் பிளாக்கா பிரிஞ்சிருக்கும், ஒவ்வொரு பிளாக் தொடக்கத்துலயும் இருக்குற ஹெடர (அங்க ஆரம்பிக்கிற சாம்பிளும் டேபிள் இடமும்) கண்டிப்பா படிச்சு ஸ்டேட்ட ரீசெட் பண்ணுங்க.

இன்னொண்ணு, அமைதிக்கு அப்புறம் "தொ"ன்னு திடீர்னு ஆரம்பிக்கிற சத்தத்துக்கு ஸ்டெப் எட்டிப்புடிக்க கொஞ்ச நேரமாகும், முதல் எழுத்து மழுங்குது. லேப்டாப்ல பைல சுருக்குற எஃப்எஃப்எம்பெக் மென்பொருள்ல டிரெல்லிஸ் ஆப்ஷன் (பல வழிய முன்னாடியே பாத்து தப்பு கம்மியானத எடுக்குறது) போட்டு என்கோட் பண்ணா குறையுது, டிகோடர்ல ஒரு வரி கூட மாத்த வேண்டாம், வேலையெல்லாம் லேப்டாப்போட போயிரும். இப்ப பாதி பைல் அப்படி மாத்தியாச்சு, "தொட்டி நிறைஞ்சிருச்சு" நல்லாவே கேக்குது, மிச்சத்த இந்த ஞாயித்துக்கிழமை ஏத்தணும்.