வெளியே கருங்கல் கோட்டை, உள்ளே எகிப்து

பிலடெல்பியாவில் மாநகராட்சிக் கட்டடத்தைப் பார்க்கத்தான் போனேன். எதிர்ச்சாரியில் கோபுரங்களோடு ஒரு கருங்கல் கோட்டை நின்றது. தேவாலயம் என்று நினைத்துவிட்டேன். ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தார் கூடும் ‘கோயிலாம்’! 1868இல் அடிக்கல் நாட்டி 1873இல் திறந்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் ஜேம்ஸ் விண்ட்ரிம். போட்டியில் ஜெயித்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

ரகசியச் சங்கம், உள்ளே விடமாட்டார்கள் என்று தயங்கினேன். டிக்கெட் வாங்கினால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறார்கள்.

உள்ளே ஏழு கூட்ட அரங்குகள், ஒவ்வொன்றும் ஒரு பாணி. ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா மாளிகையைப் பார்த்துச் செய்த அரங்கு ஒன்று, பழைய ஐரோப்பியத் தேவாலயங்களின் கோதிக் பாணியில் ஒன்று என்று நீள்கிறது. என்னை நகரவிடாமல் நிறுத்தியது எகிப்திய அரங்குதான். பருத்த தூண்கள், தாமரையும் பாப்பிரஸ் கோரையும் விரிந்த தலைப்பகுதிகள். சுவரெல்லாம் சித்திர எழுத்து. சும்மா அழகுக்குக் கிறுக்கியதாக இருக்கும் என்று நினைத்தால், இல்லை, எகிப்திய மொழி தெரிந்தவர்கள் வாசிக்கக்கூடிய எழுத்தாம். ஓவியர் ஜார்ஜ் ஹெர்சாக் 1880களின் கடைசியில் இதைச் செய்யும்போது எகிப்திய மன்னன் துத்தன்காமன் கல்லறையே இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அது 1922இல்தான்.

இன்னொரு வேடிக்கை. பளிங்கு என்று நினைத்து நான் வாய்பிளந்த பல இடங்கள் வெறும் சாந்துப்பூச்சு, மேலே வண்ணம். தொட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. கூட வந்த வழிகாட்டி ஒரு பார்வை பார்த்தார். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

அப்புறம் கீழே அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் மேசானிக் ஏப்ரன் (சங்கச் சடங்குகளில் இடுப்பில் கட்டும் முன்துணி), கண்ணாடிக்குப் பின்னால்.