உன் சம்பளமே லெதர் ஷேர்தான்மா

மேல்விஷாரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் கணக்கு பார்க்கிறேன். வீடு வேலூர் சத்துவாச்சாரி. 2025 ஆகஸ்டிலிருந்து பல மாதங்கள் எங்கள் பக்கம் டீக்கடை, கம்பெனி பஸ், கல்யாண மண்டபம் எங்கே போனாலும் அமெரிக்க வரிப் பேச்சுதான். பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "நமக்கு இவ்ளோ பெரிய அடி விழுது, ஷேர் மார்க்கெட்டுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?" நியாயமான கேள்வி. தோலை நம்பிப் பிழைக்கிற ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் இதைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தியச் சரக்கு மீது அமெரிக்கா போட்ட முதல் 25 சதவீத வரி 2025 ஆகஸ்ட் 7-ல் அமலுக்கு வந்தது. இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி இன்னொரு 25. அது அமலுக்கு வந்த ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி, சந்தைக்கு விடுமுறை. அதற்கு முந்தின நாள் சென்செக்ஸ் (மும்பைப் பங்குச் சந்தையின் 30 பெரிய கம்பெனிகளை வைத்துப் போடும் குறியீடு) 849 புள்ளி இறங்கியது; மறுநாள் 706. சதவீதத்தில் பார்த்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சரியாக மூன்று மாதம் கழித்து, நவம்பர் 27 அன்று, சென்செக்ஸ் முதல்முறையாக 86,000-ஐத் தொட்டது. வரி அப்போதும் அதே 50-தான்.

எங்கள் மேஜையில் இதே வரி வேறு மாதிரி வந்து உட்கார்ந்தது. கப்பல் ஏறும் விலை 20 டாலர் உள்ள ஒரு ஜோடி ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த வரிக்கு மேல் அப்போது இன்னும் 10 டாலர். பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பையரிடமிருந்து (சரக்கு வாங்கும் அமெரிக்கக் கம்பெனி) மெயில் வந்தது. தோல், சோல், கெமிக்கல், கூலி, கரன்ட், வட்டி எல்லாம் கழித்தால் அந்த 20-ல் எங்களுக்கு நிற்பது இரண்டு டாலர்கூட இல்லை. ஐந்தை எங்கிருந்து கொடுப்பது? அவர்களும் இறங்கி வரவில்லை, எங்களாலும் முடியவில்லை, ஷிப்மென்ட் நின்றது. குடோனில் அட்டைப்பெட்டிகள் கூரை வரை. ஒவ்வொன்றிலும் ஸ்டைல் நம்பர், சைஸ், ஆர்டர் நம்பர் ஒட்டியாகிவிட்டது. உள்ளங்காலில் அந்த பையரின் பிராண்டு அச்சாகியிருக்கிறது. அந்தச் சரக்கை வேறு யாருக்கும் விற்க முடியாது. ஐரோப்பா ஆர்டர் ஓடியதால் ஆள் குறைப்பு வரவில்லை. ஓவர்டைம் மட்டும் போயிற்று. 'மட்டும்' என்று நான் எழுதிவிடலாம். கலவை, திமிரி பக்கமிருந்து தைக்க வருகிற பெண்களுக்கு அந்த ஓவர்டைம்தான் சீட்டுப் பணம், பிள்ளைகளின் ஃபீஸ்.

சந்தை ஏன் அசையவில்லை? சென்செக்ஸ் மாதிரியே இன்னொரு சந்தைக் குறியீடான நிஃப்டியின் 50 கம்பெனிகளைப் பெயர் பெயராகப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கியும் நிதி நிறுவனங்களும். அப்புறம் ஐ.டி.; இந்த வரி சரக்குக்குத்தான், சாஃப்ட்வேர் சேவைக்குக் கிடையாது. எண்ணெய், டெலிபோன், கார், சோப்பு எல்லாம் பெரும்பாலும் உள்ளூர் வியாபாரம். தோல் கம்பெனி ஒன்றுகூட இல்லை. அதே சமயம் ரிசர்வ் வங்கி பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கு வாங்கும் வட்டி) 6.5-லிருந்து 5.5-க்குக் கொண்டுவந்திருந்தது. செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்தது, 2,500 ரூபாய் வரையிலான செருப்பு, ஷூவுக்கும் 5 சதவீதம்தான். வெளிநாட்டு நிதிகள் விற்றாலும், எஸ்.ஐ.பி. (மாதா மாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் தொகை) வழியாக நம் ஊர்க்காரர்களின் பணம் மாதம் 28,000 கோடிக்கு மேல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. இத்தனை நல்ல செய்திக்கு நடுவே ஆம்பூரின் கெட்ட செய்தி சந்தையின் கணக்கில் பெரிதாக ஏறவில்லை. வருத்தமாக இருக்கிறது, ஆனால் அதன் கணக்கு அப்படித்தான்.

அரசியல் செய்தியிலும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நடந்தது நல்லதா கெட்டதா என்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் எவ்வளவு தூரம் என்பதற்குத்தான் விலை துள்ளுகிறது. 2024 ஜூன் 3 திங்கள்கிழமை, கருத்துக்கணிப்புகளை நம்பி சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. மறுநாள் மக்களவைத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. பா.ஜ.க. தனிப் பெரும்பான்மை இல்லாமல் 240 இடத்தில் நின்றதும் 4,389 புள்ளி சரிவு, ஏறக்குறைய 6 சதவீதம். கூட்டணியோடு அதே ஆட்சிதான் வரும் என்று தெளிவானதும், வெள்ளிக்கிழமைக்குள் விட்டது அத்தனையும் திரும்பி வந்து புது உச்சம். செவ்வாய்க்கிழமை மதியம் பயந்து விற்றவர்களுக்குத்தான் அந்த நஷ்டம் நிரந்தரம். 2004 மே 17 இதைவிட மோசம். இடதுசாரி ஆதரவோடு வரும் அரசு பொதுத்துறைப் பங்கு விற்பனையை நிறுத்திவிடும் என்ற பயத்தில் ஒரே நாளில் 11 சதவீதம் விழுந்தது. வர்த்தகத்தை இரண்டு முறை நிறுத்தினார்கள்.

   

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் எங்கள் தொழிலுக்கு நேரடியாக இரண்டு அறிவிப்பு: வெட் ப்ளூ தோலுக்கு (குரோமில் பதனிட்ட, இன்னும் ஈரமான அரைகுறைத் தோல்) இறக்குமதி வரி நீக்கம், கிரஸ்ட் தோலுக்கு (பதனிட்டு உலர்த்திய, மெருகேற்றாத தோல்) இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரி நீக்கம். தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கும் பெண் அடுத்த வாரமே என்னிடம் வந்தார். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது.

"அண்ணா, பட்ஜெட்லயே நம்ம தொழிலுக்கு சொல்லிட்டாங்க. லெதர் ஷேர் வாங்கிப் போடட்டுமா?"

"வேணாம்மா. உன் சம்பளமே லெதர் ஷேர்தான்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் ஷூவில். வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை). தம்பி தோல் கெமிக்கல் லோடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். திமிரியில் வாங்கிய மனைக்கு விலை ஏறுவதும் இறங்குவதும் இந்தத் தொழிலைப் பார்த்துத்தான். வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தால் வீட்டின் எல்லா வரவும் ஒரே நாளில் ஆட்டம் காணும். சேமிப்பையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தால், பணம் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் பங்கும் அடிமாட்டு விலைக்கு இருக்கும். உட்கார்ந்து பேசிப் பாதியை ஓராண்டு பேங்க் டெபாசிட்டில் போட்டார். மீதியில் மாதா மாதம் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டு, அதாவது அந்த 50 கம்பெனிகளிலும் பணத்தைப் பிரித்துப் போடுகிற ஃபண்டு. அந்த 50 கம்பெனியில் தோல் இல்லை என்பதே அவருக்கு நல்ல காரணம். செப்டம்பரில் ஓவர்டைம் நின்றதும் டெபாசிட்டை உடைத்து ஃபீஸ் கட்டினார். எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டி வரவில்லை.

நகை வைத்திருந்தவர்களும் அந்த மாதங்களில் தாக்குப்பிடித்தார்கள். ஆகஸ்டில் 75,000-ஐத் தாண்டிய சவரன் அக்டோபரில் 90,000-க்கு மேல் போனது. எங்கள் ஆர்டரை நிறுத்திய அதே உலகப் பதற்றமும் ரூபாய் சரிவும்தான் தங்கத்தைத் தூக்கியது. அடகு வைத்தவர்களுக்கு ஒரே செயினுக்குக் கூடுதல் பணம் கிடைத்தது.

2025 டிசம்பர் 5-ல் ரெப்போ இன்னும் இறங்கி 5.25 ஆனது. வீட்டுக் கடன்காரர்களுக்குச் சந்தோஷம். காட்பாடியில் இருக்கும் என் மாமாவுக்குக் கவலை. அவருக்கு டெபாசிட் வட்டிதான் சம்பளம். 2026 ஜனவரியில் முதிர்வதாக இருந்த டெபாசிட்டைப் புதுப்பித்தால் பழைய வட்டி கிடைக்காது. போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் அப்போது 8.2 சதவீதம். போடுகிற அன்றைக்கு என்ன வட்டியோ அதுவே ஐந்து வருஷத்துக்கும். காலாண்டுக்கு ஒருமுறை அரசு வட்டியை மாற்றி அறிவிக்கும் என்பதால், டெபாசிட்டை அந்த மாதமே முன்கூட்டி முடித்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று பேங்கில் கேட்டு வரச் சொன்னேன்.